ஓரெக்கியெத்தே: ஒரு பலகை, ஒரு கத்தி, ஆறு ஞாயிறுகள்

இத்தாலியின் தென்கிழக்கில், அத்ரியாத்திக் கடலோரம் இருக்கிறது பாரி. புலியா மாநிலத்தின் தலைநகர். வேலைக்காக இங்கே வந்து இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். பழைய ஊருக்குள் கோட்டைக்குப் பக்கத்தில் ஆர்க்கோ பாஸ்ஸோ என்று ஒரு சந்து உண்டு. வளைவுக்குக் கீழே குனிந்து நுழைந்தால், வீட்டு வாசல்களில் மேசை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் மரப்பலகை, கையில் மழுங்கிய கத்தி, பக்கத்தில் வலை அடித்த தட்டுகள். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, எதிர்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே செய்வார்கள். கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அவர்கள் செய்வது ஓரெக்கியெத்தே. 'சின்னக் காதுகள்' என்று அர்த்தம். கட்டைவிரல் நுனி அளவில், நடுவில் குழிந்து, ஓரம் கொஞ்சம் தடித்து, முதுகு சொரசொரவென்று இருக்கும் பாஸ்தா. மாவும் தண்ணீரும் மட்டும்தான். முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில் அதை வீட்டில் செய்து பழகினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எது தவறியது, ஏன் தவறியது, எப்படிச் சரியானது என்று நோட்டில் குறித்துவைத்ததை இங்கே விரித்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாஸ்தாவில் எல்லாமே சொரசொரப்பில்தான் இருக்கிறது. மாவு, பலகை, கத்தி என்று எங்கே வழுவழுப்பு நுழைந்தாலும் அங்கே காரியம் கெட்டுவிடும்.

முதல் ஞாயிறு வீட்டில் இருந்த மாவை எடுத்தேன். 'ஜீரோ ஜீரோ' என்று பொட்டலத்தில் போட்டிருக்கும், நம் மைதாவுக்கு நெருங்கிய மென்கோதுமை மாவு. கேக்குக்கும் பீட்சாவுக்கும் நல்லது. பிசைந்தபோது பட்டுப்போல இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் கத்தியை வைத்து இழுத்தால் மாவு ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கே ஓடிவந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரு சின்ன வட்டத் தட்டையாகத்தான் நின்றது, சுருளவில்லை. கையாலேயே குழித்து எப்படியோ ஒரு தட்டு நிறையச் செய்தேன். வெந்ததும் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கீரையும் நெத்திலியும் எண்ணெயும் சேர்த்துப் புரட்டிச் சாப்பிட்டு முடித்தபோது, தட்டின் அடியில் எண்ணெய் ஒரு குளமாக நின்றது. நெத்திலி முழுக்க அந்தக் குளத்தில் இருந்தது. பாஸ்தாவில் ருசியே ஏறவில்லை. அந்த எண்ணெய்க் குளத்தை நோட்டில் முதல் வரியாக எழுதிவைத்தேன்.

இரண்டாவது ஞாயிறு மாவை மாற்றினேன். இதற்கு வேண்டியது துரும் கோதுமை, கண்ணாடி மாதிரி கடினமான மணி. இத்தாலியில் உலர்பாஸ்தாவை இந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். இதை அரைத்தால் மாவாகப் பொடியாது, மஞ்சள் நிறக் குருணையாக உடையும். அந்தக் குருணைக்குப் பெயர் செமோலா. கடையில் 'செமோலா' என்று கண்ட பொட்டலத்தை எடுத்துவந்துவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் நம் உப்புமா ரவை மாதிரியே இருந்தது. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். அரைமணி நேரம் பிசைந்தும் சேரவில்லை. உருட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. ஒரு மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடிவைத்த பிறகு கொஞ்சம் பிடித்தது, ஆனாலும் கத்தி பட்ட இடத்தில் உதிர்ந்தது.

கேட்டு வாங்க வேண்டிய பெயர் 'செமோலா ரிமாச்சினாத்தா'. மறுபடி அரைத்த செமோலா என்று பொருள். குருணையை இரண்டாவது தடவை அரைத்து நைசாக்குவார்கள். அப்போதும் மைதா போல நுண்பொடியாக இருக்காது. விரலிடுக்கில் தேய்த்தால் பொடி மணல் மாதிரி நெருடும். பாரியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 45 கிலோமீட்டர் போனால் அல்தமூரா என்ற ஊர். அந்த ஊரின் பேர்பெற்ற மஞ்சள் ரொட்டியும் இதே மாவில்தான். வேறொரு சௌகரியமும் உண்டு. துரும் மாவின் பசை மென்கோதுமையின் பசைபோலத் திருப்பி இழுக்காது. இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், மடித்தால் மடித்தபடி இருக்கும். முட்டை இல்லாமலே இந்தக் காது குழிந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது ஞாயிறு மாவு சரி. அளவு இப்படி: மாவு 400 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீரையும் தராசில் நிறுத்துத்தான் ஊற்ற வேண்டும். கை நீர் தெளித்துப் பிசைகிற நம் பழக்கம் இங்கே உதவாது. முதல் ஐந்து நிமிஷம் 'இது சேரவே சேராது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாம்' என்றுதான் தோன்றும். விடக் கூடாது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளி மடித்தால் எட்டாவது நிமிஷத்தில் சேரத் தொடங்கும், பதினைந்தாவது நிமிஷத்தில் வழவழப்பாகிவிடும். பூரி மாவைவிடக் கெட்டி. விரலால் குத்தினால் குழி மெதுவாக, அரைகுறையாக மேலே வர வேண்டும். பிறகு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும்.

மாவு அவ்வளவு நன்றாக அமைந்தும் அன்றைக்கும் காது வரவில்லை. விரல் பருமனில் கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, கத்தியை வைத்து இழுத்தால், துண்டு அப்படியே கத்தியோடு வழுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தது. பனிக்கட்டியில் தள்ளினதுபோல. முப்பது துண்டு முயன்றதில் இரண்டு மட்டும் சுருண்டன. அவையும் எப்படிச் சுருண்டன என்று தெரியவில்லை.

மேல்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இங்கே வயதான பெண்களை 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுவது வழக்கம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கியவர், திறந்திருந்த கதவு வழியாக என் மேசையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மாவைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். அது சரி. அடுத்து என் கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்தார். கடைசியில் பலகையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார்.

"இதில் ஏன் மெழுகு பூசியிருக்கிறாய்?" என்றார்.

"நான் பூசவில்லை சிஞ்ஞோரா, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது."

"இதில் ரொட்டி நறுக்கலாம். பாஸ்தா இழுக்க முடியாது. மரம் பிடிக்க வேண்டும்."

அவ்வளவுதான் சொன்னார், குப்பைப் பையோடு இறங்கிப் போய்விட்டார். 'மரம் பிடிக்க வேண்டும்' என்ற அந்த வாக்கியத்தில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்பது அந்த வாரம் பலகையோடு மல்லுக்கட்டியபோது புரிந்தது.

என் பலகை 60-க்கு 50 சென்டிமீட்டர், பழைய சாமான் சந்தையில் வாங்கியது. நல்ல கனமான பீச் மரம். மேலே வார்னிஷ் பூச்சு பளபளவென்று இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பால்கனியில் வைத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் 80-ஆம் எண் தாள். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். முதல் பத்து நிமிஷம் தாளில் வார்னிஷ் கூழாக அப்பிக்கொண்டது. தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் பளபளப்பு போய், அடியிலிருந்து வெளிறின மரம் தெரிந்தது. மரவாசனை வந்தது. பிறகு 120-ஆம் எண் தாளால் ஒரு கை. அதற்கு மேல் நைசாக்கவில்லை, நைசாக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

அப்புறம் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். ஈரம் பட்டதும் மரத்தின் நார் முள்முள்ளாக எழும்பியது. காய்ந்த பிறகு அந்த முள்ளை மட்டும் 120 தாளால் லேசாக எடுத்தேன். இரண்டு தடவை இப்படிச் செய்தால் அதற்குப் பிறகு நார் எழும்பாது. எண்ணெய் பூசவில்லை. பழைய பூச்சு எது என்று தெரியாத பலகை என்பதால், ஒரு துளி வார்னிஷ்கூட மிச்சமில்லாமல் போகும்வரை தேய்த்தேன், ஓரங்களையும் சேர்த்து. பிறகு இரண்டு தடவை கொஞ்சம் மாவைப் பிசைந்து பலகை முழுக்க உருட்டி அந்த மாவைத் தூக்கி எறிந்தேன். மரத்தூளெல்லாம் அதில் வந்துவிட்டது. இப்போது கைவைத்தால் துவைத்த பருத்தித்துணிமேல் கைவைப்பதுபோல இருக்கிறது. இனிமேல் இதைச் சோப்பு போட்டுக் கழுவுவதில்லை. சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நிமிர்த்திவைத்துவிடுகிறேன்.

கத்திக்கு வருவோம். நான் வைத்திருந்தது பல் வைத்த பழக்கத்தி. அது மாவைக் கிழிக்கும், இழுக்காது. இதற்கு வேண்டியது சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தடவுகிற மாதிரியான கத்தி. நுனி வட்டமாக, விளிம்பு மழுங்கி, பல் இல்லாமல் இருக்க வேண்டும். மேல்வீட்டுப் பாட்டியின் கத்தியைப் பிறகு பார்த்தேன். பல வருஷம் மரத்தில் உரசி உரசி அதன் வயிற்றுப்பக்கம் உள்வாங்கி வளைந்திருந்தது. என்னுடையது பழைய சாமான் கடையில் 1 யூரோவுக்கு வாங்கினது. விளிம்பில் இருந்த கொஞ்சம் கூர்மையையும் அதே உப்புத்தாளில் தேய்த்து மழுக்கினேன்.

நான்காவது ஞாயிறு. இழுக்கிற முறையை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கே படித்தாலும் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

மாவுத் துண்டு உங்களுக்கு முன்னால் பலகையில் இருக்கிறது. பலகையில் மாவு தூவக் கூடாது. தூவினால் துண்டு வழுக்கும். நம் சப்பாத்திக் கைக்கு இதை மறக்கச் சொல்வதுதான் கஷ்டம். வலது கையில் கத்தியின் பிடி, இடது கையின் ஆள்காட்டி விரல் கத்தி நுனியின்மேல். கத்தியைத் துண்டின் தூரத்து ஓரத்தில் வைத்து, என் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் துண்டு இரண்டாகிவிடும். முழுக்கப் படுக்கவைத்தால் தட்டையாக நசுங்கும். தரையைப் பார்த்துச் சாய்ந்த கூரையை நினைத்துக்கொண்டேன், அந்தச் சாய்வு சரியாக இருந்தது.

அப்போது நடப்பதைக் கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். துண்டின் அடிப்பக்கத்தை மரம் பிடித்துக்கொள்கிறது. மேல்பக்கத்தைக் கத்தி இழுக்கிறது. அடி நிற்க, மேல் நகர, நடுவில் மாவு மெலிந்து விரிகிறது. விரிந்த மாவு கத்தியின்மேல் ஏறிச் சுருண்டுகொள்கிறது, சோழி மாதிரி. இந்த நிலையிலேயே விட்டுவிட்டால் அது கவதெல்லி என்ற இன்னொரு பாஸ்தாவின் சாயல். ஓரெக்கியெத்தேவுக்கு இன்னொரு அசைவு உண்டு. அந்தச் சோழியை இடது கட்டைவிரல் நுனியில் வைத்து, உள்ளே இருப்பது வெளியே வரும்படி புரட்டிப்போட வேண்டும். குழந்தையின் குல்லாயைத் திருப்பிப்போடுவதுபோல. கத்தி உரசி உரசிச் சுருக்கம் விழுந்த உட்பக்கம் இப்போது முதுகாகிவிடுகிறது. மரத்தில் இருந்த வழுவழுப்பான பக்கம் உள்குழி. பார்க்க அப்படியே காதுமடல்.

அந்த முதுகை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் முதல் வார எண்ணெய்க் குளம் எதனால் என்று விளங்கியது. வழுவழுத்த முதுகில் எண்ணெய் நிற்காமல் ஓடி அடியில் சேர்ந்துவிட்டது. இந்தச் சுருக்கங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கீரை, கொஞ்சம் நெத்திலி உட்கார்ந்துகொள்ளும். கத்தியால் இழுக்காமல் கையால் குழித்த என் முதல் வாரக் காதுகளில் அந்தச் சுருக்கமே இல்லை. பேச்சுவழக்கில் இதே மாதிரி செய்கிற பெரிய பாஸ்தாவுக்கு 'ஸ்திராஷினாத்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'இழுத்தது' என்று அர்த்தம். செய்கையைப் பார்த்தே வைத்த பெயர்.

அந்த ஞாயிறு பாட்டி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இழுக்கும்போதெல்லாம் "தீரா, தீரா" என்றார். 'இழு, இழு' என்று பொருள். நான் பயந்து பயந்து அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் என் கைமேல் தன் கையை வைத்து ஒரு தடவை இழுத்துக் காட்டினார். அந்த வேகமும் பலமும் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. ஒரே மூச்சு. பாதியில் தயங்கினால் மாவும் தயங்கும். இருபது துண்டுக்குப் பிறகு கை பிடித்துக்கொண்டது.

கணக்கு ஒன்று போட்டேன். ஒரு துண்டு ஏறக்குறைய 1 கிராம். 400 கிராம் மாவும் 200 கிராம் தண்ணீரும் சேர்ந்தால் 600 துண்டு. அன்றைக்கு ஒன்றுக்கு 20 விநாடி ஆயிற்று. அப்படியானால் எல்லாம் முடிக்க மூன்று மணி இருபது நிமிஷம். அதற்குள் மாவு மேலே காய்ந்து தோல் கட்டிவிடும். கட்டியது. கடைசி நூறு துண்டும் வெடித்தன. இதற்குச் சுலபமான வழி: எல்லா மாவையும் ஒரே நேரத்தில் உருட்டி நறுக்காமல், எலுமிச்சை அளவு எடுத்து, கயிறாக்கி, நறுக்கி, இழுத்து முடித்துவிட்டு, பிறகு அடுத்த எலுமிச்சை. மிச்ச மாவு கிண்ணத்துக்கு அடியிலேயே இருக்கட்டும். ஆறாவது ஞாயிறு வருவதற்குள் ஒன்றுக்கு 7 விநாடி என்று வந்துவிட்டது.

செய்ததை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துவைக்கவும் கூடாது. முதலில் அப்படிக் குவித்து ஒரு பெரிய மாவுருண்டையைத் திரும்பப் பெற்றேன். பரப்பிவைக்க ஆர்க்கோ பாஸ்ஸோவில் பார்த்த வலைத் தட்டு மாதிரி ஒன்று வேண்டும். நான்கு மரச்சட்டம் வாங்கி 60-க்கு 40 சென்டிமீட்டரில் ஒரு சட்டகம் அடித்தேன். அதன்மேல் பருத்தி வலைத்துணியை இழுத்துக்கட்டி ஓரமெல்லாம் ஸ்டேப்ளர் ஊசி அடித்தேன். துணியை முதலில் இரண்டு நீள ஓரங்களின் நடுவில் அடித்துவிட்டு, பிறகு மூலைகளுக்குப் போனால் தொய்யாது. நான்கு மூலைக்கும் கால் மாதிரி ஒரு கட்டை வைத்தேன், அடியிலும் காற்று ஓட வேண்டும் என்பதற்காக. இங்கேதான், தட்டில் மட்டும், கொஞ்சம் செமோலா தூவலாம்.

உலர்த்துவதில் ஊர்க்காற்றைப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாவது ஞாயிறு கற்றுக்கொண்டேன். அன்றைக்கு வடக்கிலிருந்து திரமொந்தானா அடித்தது. வறண்ட குளிர்காற்று. சீக்கிரம் காயட்டும் என்று தட்டை ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஓரங்களில் மயிரிழை வெடிப்பு. மேல்தோல் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, இரண்டுக்கும் நடுவில் இழுபட்டு வெடிக்கிறது. வெந்நீரில் போட்டதும் அந்த வெடிப்பு வழியாகப் பிளந்து போயின. நேர்மாறாக ஒரு செவ்வாய்க்கிழமை தெற்கிலிருந்து ஷிரோக்கோ. கடல் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று. முழுநாள் வைத்தும் உள்ளே ஈரம். காய்ந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலில் போட்டு மூடினேன். நான்கு நாளில் பச்சைப் புள்ளி. முழுதையும் கொட்டினேன். அதிலிருந்து வீட்டுக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி, மேலே மெல்லிய துணி போட்டு மெதுவாகத்தான் உலர்த்துகிறேன். அன்றே சமைப்பதானால் இரண்டு மணி நேரம் போதும். மிச்சத்தைத் தட்டோடு ஃப்ரீசரில் வைத்து, இறுகினதும் பைக்கு மாற்றிவிடுகிறேன். உறைந்தபடியே கொதிநீரில் போடலாம். முழுக்க உலர்த்திப் பாட்டிலில் வைப்பதைவிட எனக்கு இது நம்பிக்கையாக இருக்கிறது.

இனி அதன்மேல் போடும் கீரை. இங்கே குளிர்காலம் என்றால் சீமே தி ராப்பா. டர்னிப் குடும்பத்துக் கீரை. ஆனால் கிழங்குக்காக வளர்ப்பதில்லை. இலை, இளந்தண்டு, பூக்காத மொட்டுக் கொத்து மூன்றையும் தின்பார்கள். கடுகுக்கீரையின் உறைப்பும் கசப்பும் இதில் உண்டு. சந்தையில் 'செஸ்ஸந்தீனா', 'நோவந்தீனா' என்று வகை சொல்லி விற்பார்கள். அறுபது நாள் பயிர், தொண்ணூறு நாள் பயிர் என்று அர்த்தம். நம் அறுபதாம் குறுவையைப் போல நாளை வைத்தே பயிருக்குப் பெயர். அதைக் கேட்டபோது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

ஒரு கிலோ வாங்கினால் சுத்தம் செய்து பாதிதான் மிஞ்சும். மொட்டுக் கொத்தையும் இளம் இலையையும் எடுத்துக்கொண்டு, நார் விழுந்த தண்டைத் தள்ளிவிட வேண்டும். நடுத்தரத் தண்டானால் தோலுரித்துச் சின்னதாக நறுக்கிப் போடலாம், தூக்கிப்போட மனம் வராது. மஞ்சள் பூ விரிந்துவிட்ட கட்டு வேண்டாம், கசப்பு அதிகம்.

பெரிய பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. வழக்கமாக லிட்டருக்கு 10 கிராம் போடுவார்கள். நெத்திலியில் உப்பு இருப்பதால் குறைத்துக்கொள்கிறேன். கொதித்ததும் முதலில் கீரை. மறுபடி கொதி வந்து மூன்று நிமிஷம் ஆனதும் அதே தண்ணீரில் பாஸ்தா. கீரையை வடித்து எடுத்துவிட்டுப் பாஸ்தாவைப் போடுகிறவர்களும் உண்டு. மேல்வீட்டில் இரண்டும் ஒன்றாகவே வேகும். நானும் அந்தக் கட்சி. கீரை இறங்கின பச்சைத் தண்ணீரில் பாஸ்தா வேகும்போது அந்தக் கசப்பு மாவுக்குள்ளேயே போய்விடுகிறது, மேலே பூசினதுபோல இருக்காது. கீரை குழைந்து பாஸ்தாவின் குழியில் போய் உட்காருவதும் இந்த முறையில்தான். இரண்டு மணி நேரம் ஆறின பாஸ்தாவுக்கு ஐந்தாறு நிமிஷம் போதும். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தடித்த ஓரத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். புள்ளி மறைகிற நேரத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்.

அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் வாணலி. நான்கு பேருக்கு 80 மில்லி ஆலிவ் எண்ணெய். புலியா ஆலிவ் மரங்களின் ஊர். இங்கத்திய கொரத்தீனா வகை எண்ணெய் தொண்டையில் காறும், இந்தக் கீரைக்கு அந்தக் காறல்தான் ஜோடி. இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்னத் தீயில் வைக்க வேண்டும். பூண்டு சிவக்கக் கூடாது. வாசனை வந்ததும் எடுத்துவிடலாம். பிறகு உப்பில் பதப்படுத்திய நெத்திலி, ஆறு துண்டு. இது நம் கருவாடு மாதிரி உலர்ந்தது கிடையாது. உப்பிலேயே மாதக்கணக்கில் ஊறி, பழுப்புச் சிவப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். எண்ணெய் மிதமாக இருந்தால் கரண்டி முதுகால் அழுத்திய மாத்திரத்தில் கரைந்துவிடும். எண்ணெய் காய்ந்திருந்தால் பொரிந்து, தெறித்து, கசந்துவிடும். இரண்டாவது வாரம் அப்படித்தான் ஆயிற்று. அப்போதிலிருந்து நெத்திலி போடும்போது அடுப்பை அணைத்தே விடுகிறேன். வாணலியின் சூடு போதும்.

இன்னொரு சின்ன வாணலியில் முந்தின நாள் ரொட்டியின் உள்பகுதியை உதிர்த்து, கொஞ்சம் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சீஸ் வாங்க முடியாத வீடுகளில் சீஸுக்குப் பதிலாகத் தூவினது இது என்று இங்கே சொல்வார்கள். இந்தப் பாஸ்தாவுக்கு இன்றும் இந்த வறுத்த தூளைத்தான் தேடுகிறார்கள். சீஸ் போட்டால் நெத்திலியோடு மோதும். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாஸ்தாவையும் கீரையையும் ஒன்றாக அரித்தெடுத்து நேராக எண்ணெய் வாணலிக்கு. நன்றாக வடிகட்டிவிடக் கூடாது, ஒட்டிவரும் தண்ணீர் தேவை. மேலும் ஒரு கரண்டி வெந்த தண்ணீர் ஊற்றி, பெரிய தீயில் ஒரு நிமிஷம் குலுக்கிக் குலுக்கிப் புரட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்து இறங்கியிருக்கும். எண்ணெயும் தண்ணீரும் அதில் சேர்ந்து, பால்போல வெளிறி, பாஸ்தாவின்மேல் படியும். வாணலியின் சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். சடசடவென்று இருந்தது, சளசளவென்று மாறும்போது இறக்கிவிட வேண்டும்.

ஆறாவது ஞாயிறு பாட்டியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். தன் வீட்டு எண்ணெய் ஒரு பாட்டில், அரை அல்தமூரா ரொட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கிவந்தார். சமைப்பதற்கு முன்னால் வலைத் தட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு காதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். குழியைப் பார்க்கவில்லை. முதுகைத்தான் கட்டைவிரலால் தேய்த்தார். இன்னொன்றை எடுத்து அதையும் தேய்த்தார். ஓரம் தடித்துப்போன நான்கைந்தைப் பொறுக்கித் தனியாக வைத்தார். "இவை சூப்புக்கு" என்றார். மற்றவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது ஊர்க்கதை பேசினார். சின்ன வயதில் ஞாயிறு காலையில் இந்தப் பாஸ்தாவைத் தக்காளிக் குழம்புக்குத்தான் செய்வார்களாம். உள்ளே பூண்டும் சீஸும் வைத்துச் சுருட்டிக் கட்டின இறைச்சித் துண்டுகள் அந்தக் குழம்பில் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருக்குமாம். அதற்கு இன்னும் கொஞ்சம் பெரிய காதாக இழுக்க வேண்டும், அடுத்த தடவை துண்டை ஒன்றரை சென்டிமீட்டராக நறுக்கு என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முடித்ததும், பழக்கப்படி, ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டைத் துடைக்கப் போனார். தட்டில் வறுத்த ரொட்டித்தூள் நாலு ஒட்டியிருந்தது. எண்ணெய் இல்லை. ஒரு கணம் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அந்த ரொட்டித் துண்டை வெறுமனே வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் இருக்கிறதா?" என்று தட்டை நீட்டினார்.